கழுகுப்பொத்தைக் கோட்டுமாடன்

வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் பொதுவாழ்வில் நான் கற்ற முதல் பாடம். முதலாவது, கழுகுப்பொத்தைப் பேரூராட்சியில் மேல்நிலைத் தொட்டி கட்டியபோது, எழுபது வயதாகியும் இன்னும் புதுமனை என்றே அழைக்கப்படுகிற எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. இரண்டாவது, அதைக் கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பி வருவதற்குள் எங்கள் தெருமுனையில் இருந்த பஸ் நிறுத்தத்தை மேலத்தெரு முனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், அதனால் தண்ணீர் கேட்டுப் போனவர்கள் தாகத்தோடு நடந்து வந்தோம். மூன்றாவது, பஸ் நிறுத்தத்தின் பின்னாலேயே ரேஷன் கடையும் போனது. நான்காவது, ரேஷன் கடையைத் திரும்பக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த எங்களைக் கைது செய்து, கல்யாண மண்டபத்தில் வைத்து, மேலத்தெரு ரேஷன் அரிசியிலேயே சோறு பொங்கிப் போட்டார்கள். ஐந்தாவது, நான்கு வழிச்சாலை வந்தது. எங்கள் தெருவின் கடைசி வரிசை வீடுகளை அது தின்றுவிட்டு மிச்சத்தைத் தன் ஓரத்தில் வைத்துக்கொண்டது. சுரங்கப்பாதை கேட்டோம், ‘கவனமாகக் கடக்கவும்’ என்று ஒரு பலகை தந்தார்கள்.

இந்த ஐந்துக்கும் நான் நோட்டீஸ் அடித்தேன். பீடிச் சங்கத்தில் இருந்த காலத்தில் படித்த துண்டறிக்கைகளைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேறு படிப்பு கிடையாது. பலவேசம் என்ற என் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, நோட்டீஸ் அண்ணாச்சி என்றால் நாய்கூட வாலாட்டும். என் நோட்டீசால் எதுவும் நகர்ந்ததில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் என் நோட்டீஸ் இல்லாமல் எதுவும் நகர்ந்ததும் இல்லை, அந்த வருடக் கோடைவரை.

ஆறாவது அநீதி பள்ளிக்கூடம். பொத்தை என்கிற கற்குன்றின் அடிவாரத்தில், ஊரெல்லாம் ஒரு தட்டில் பரப்பி வைத்ததுபோலத் தெரிகிற மேட்டில் எங்கள் நடுநிலைப்பள்ளி இருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளையானாலும் ஐந்தாம் வகுப்பு முடித்தால் ஆறாம் வகுப்புக்கு அங்கேதான். ஊரில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விட, அதில் படித்த மேலத்தெருப் பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்து சேர, வகுப்பறைகள் நிரம்பி, வராண்டா நிரம்பி, வேப்பமர நிழலும் நிரம்பியது. கல்வித்துறை யோசித்தது. யோசித்து, சேர்க்கை எல்லையை மாற்றி வரைவது என்று முடிவு செய்தது. மேலத்தெருவும் சந்தையும் இந்தப் பள்ளிக்கு. புதுமனை மட்டும் நான்கு வழிச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு. அந்தப் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல கட்டடம், நல்ல வாத்தியார்கள், முட்டைகூடப் பெரிது என்றார்கள். ஆனால் நடுவில் அந்தச் சாலை கிடந்தது.

புதுமனையின் கடைசி வீடு ஆவுடையின் வீடு. லாரி போகும்போதெல்லாம் அந்த வீட்டுப் பாத்திரங்கள் பேசிக்கொள்ளும். ஆவுடை பீடி சுற்றுகிறவள். புருஷன் லாரியோடு போவார், எப்போதாவது வருவார். அவர்கள் மகள் தங்கபுஷ்பம் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். சாலையைத் தாண்டித்தான் படிப்பு என்றால் படிப்பே வேண்டாம், பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று புருஷன் போனில் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது என்றால் எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான்: அம்மாவின் பீடித்தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பீடித்தட்டு. ஒரு தடவை மடியில் ஏறிய தட்டு இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கல்வி அதிகாரி வந்தார். சின்ன வயது அம்மையார், பெரிய வரைபடம். வரைபடத்தில் எங்கள் தெருவே இல்லை, அந்த இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது. மேலத்தெருக்காரர்களுக்காக உரக்கடை சங்கிலிபூதம் எழுந்து பேசினார். அவரும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் உரம் விற்றார், நான் வளரவில்லை.

“கோவப்படாதேயும் வே” என்று என்னைப் பார்த்தே ஆரம்பித்தார். “ஒரு ரூமுல அறுபது பிள்ளைய. என் பேரன் செருப்பு கழத்திப் போடுத எடத்துல உக்காந்து கணக்கு படிக்கணுமா? நான் யாரையும் தள்ளச் சொல்லல. எடம் இல்லங்கேன்.”

“எடம் இல்லன்னா ரூமு கேளும். பிள்ளையள ஏன் வே கொறைக்கீரு?”

“ரூமு கேட்டா வந்துருமா? நீரு கேட்டு இதுவரைக்கும் என்ன வந்துருக்கு, சொல்லும்.”

கூட்டம் சிரித்தது. எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்; அதுதான் வலித்தது.

அப்போது ஆவுடை எழுந்தாள். “மேடம், எம்பிள்ள அந்த ரோட்டத் தாண்டணுமா?”

“எல்லாரும் தாண்டிட்டுத்தானம்மா இருக்காங்க.”

“ஆமா, எல்லாரும் தாண்டுதாவ. எங்க வீட்டு ஆடும் தாண்டிச்சு. பாதிதான் அங்கிட்டுப் போய்ச் சேந்துச்சு.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி வரைபடத்தைச் சுருட்டினார். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் புரியாது, தரையிலேயே எல்லையைப் போட்டுக் காட்டுங்கள், ஊர் பார்க்கட்டும், பிறகு பேசலாம் என்றார்.

தரையில் கோடு போடுவது எங்கள் ஊரில் ஒரே ஆள், பேரூராட்சி ஊழியர் சுடலைமணி. கபடிக்கும் அவர்தான் சுண்ணாம்புப் பொடி தூவுவார், கோயில் கொடைத் திருவிழாவின்போது எல்லை கட்டுவதற்கும் அவர்தான். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் தகரச் சட்டியோடு வந்து நின்றார். பழக்கதோஷம் விடவில்லை, சூடம் கொளுத்தி, கொடைக்குச் சொல்வதுபோல ஏதோ இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுத்தான் கோட்டை ஆரம்பித்தார். கோடு மேலத்தெருவை வளைத்து, சந்தையைச் சுற்றி, எங்கள் தெருவின் வாய்க்கு எதிரே நறுக்கென்று திரும்பி, பள்ளிக்கூடத்துக்கே போய் முடிந்தது.

அடுத்த நாள் விடிந்தபோது கோடு எங்கள் தெருக் குழாயடியில் கிடந்தது. தண்ணீர் வராத குழாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்து மணிவாக்கில் சந்தைக்குப் போனது. சாப்பிட்டு முடித்த மனிதன் நடக்கிற வேகத்தில் போனது. வாய்க்கால் வந்தால் தண்ணீரின் மேலேயும், ஓட்டுவீடு வந்தால் ஓட்டின் மேலேயும், எருமை வந்தால் எருமையின் மேலேயும் போனது. துடைப்பத்தால் கூட்டித் தள்ளினால் பொடி பறந்து, கொஞ்சம் தள்ளி, கோபித்துக்கொண்ட மாதிரி மறுபடி வரிசையாகப் படுத்தது. கோடு நகர்கிறதே என்று கழுகுப்பொத்தையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எந்தப் பக்கமாக நகர்கிறது என்றுதான் கேட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் அது ஊரோடு ஊராகிவிட்டது. வாசலில் கோலம் போடுகிற பெண்கள் அது போய்வர ஒரு ஓரத்தில் இடைவெளி விட்டுப் போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் ‘கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா’ என்று கேட்டு வாடகை சொன்னார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பெண் வீட்டார் ‘காலையில வந்தா உள்ள, சாயங்காலம் வந்தா வெளிய’ என்றார்கள். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு தீர்ந்தால், கோடு போகும் வழியில் விரலை நீட்டி ஒரு கிள்ளு எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அதற்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதன்மேல் பாண்டி விளையாடினார்கள். பாண்டி முடியும்வரை அது அசையாமல் கிடந்தது.

பிறகு மேலத்தெருக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்: கோட்டுமாடன். எல்லையைக் காக்கிற சாமி மாடன்தானே என்று சங்கிலிபூதம் தன் செலவில் செங்கல் பீடம் கட்டினார், பீடத்துக்கு மாலை, மாலைக்குப் பின்னால் சேவல், சேவலுக்குப் பின்னால் சுருட்டு. கோடு அந்தப் பீடத்தின் பக்கமே போகவில்லை. எங்கள் தெருவாவது பகுத்தறிவோடு இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், சுருட்டுக்கு வழியில்லாதவர்கள் ஒரு பீடிக்கட்டை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? ‘கோடு சாமியல்ல! கோடு பேரூராட்சியின் சுண்ணாம்பு! ஆகவே கோடு ஓர் அரசு ஊழியர்!’ என்று நோட்டீஸ் அடித்தேன். அதற்குப் பிறகு கோடு தாமதமாக நகர்ந்தால் அரசு ஊழியர் என்றார்கள், வேகமாக நகர்ந்தால் சாமி என்றார்கள். என் கட்சிக்கு அதுவரை அவ்வளவு ஆதரவு கிடைத்ததில்லை.

கோட்டின் மேல் மறியல் செய்யவும் போனேன். புதுமனையை உள்ளே எடுக்கும்வரை எழமாட்டேன் என்று சந்தை முக்கில் அதன் நடுமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழக்கம் எழுப்பினேன். கோடு என் அடியில் ஊர்ந்து, கூச்சம் காட்டி, அந்தப் பக்கமாகப் போய்விட்டது. போலீஸ்காரர் வந்து, “அண்ணாச்சி, நீங்க எதுக்கு மேல உக்காந்துருக்கிய?” என்று கேட்டார். எழுந்து பார்த்தால் கீழே வெறும் மண். சுண்ணாம்பெல்லாம் என் வேட்டியின் பின்பக்கம். அன்று முழுவதும் நான் போகிற இடத்தில்தான் எல்லை என்று ஊரே சொல்லிச் சிரித்தது. என்னால் நகராத ஒன்று தானாக நகர்கிறதே என்று அன்று எனக்கு வந்த ஆத்திரம், நான்கு வழிச்சாலை வந்தபோதுகூட வந்ததில்லை.

அது எதற்குப் பணிகிறது என்பதை ஊர் கண்டுபிடித்தது ஒரு விடுமுறைப் பகலில். தங்கபுஷ்பம் தன் வீட்டுக்கு முன்னால் பூவரச மரத்தடியில் தெருப்பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு முருங்கைக் குச்சி அவள் கையில். பெயர் கூப்பிட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் ஞானதுரை சார் வேறு எந்தப் பதிலையும் ஒப்புக்கொள்ளாததால், பிள்ளைகள் விளையாட்டிலும் ஒழுங்காகச் சொன்னார்கள்: “உள்ளேன் ஐயா.” முதல் பிள்ளை சொன்னதும், எங்கேயோ சந்தையில் கிடந்த கோடு எழுந்து வந்து அந்தப் பிள்ளையின் வீட்டைச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது பிள்ளை சொன்னது. அந்த வீட்டையும் சுற்றிக்கொண்டது. பீடித்தட்டை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையின் கையில் இலை பாதி சுற்றியபடி நின்றது.

“ஏட்டி, தங்கபுஷ்பம்!” என்று கத்தினாள்.

“என்னம்மா?”

கோடு அசையவில்லை.

“என்னம்மா இல்லட்டி. பள்ளிக்கூடத்துல சொல்லுத மாதி சொல்லு. தங்கபுஷ்பம்!”

“உள்ளேன் ஐயா!”

கோடு வந்தது. பூவரச மரத்தைச் சுற்றி, ஆட்டுக்கொட்டிலைச் சுற்றி, நான்கு வழிச்சாலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அந்தக் கடைசி வீட்டை அணைத்தபடி படுத்தது. கடைசி வீடு உள்ளே வந்ததால் தெரு முழுவதும் உள்ளே வந்திருந்தது.

சுடலைமணியைப் பிடித்து உலுக்கினேன். அன்றைக்குச் சூடம் கொளுத்தி என்ன வே சொன்னீர்?

“வழக்கமாச் சொல்லுததுதான் அண்ணாச்சி. ஐயா, உள்ள இருக்க பிள்ளையளக் காத்துக்கிடும், உள்ளேன்னு சொன்னவனைக் கைவிட்டுராதேயும்னேன்.”

அவ்வளவுதான். ‘உள்ளேன் ஐயா’ என்று பிள்ளைகள் வாத்தியாரிடம் சொல்ல, அந்த ‘ஐயா’ தான்தான் என்று கோடு நினைத்துக்கொண்டது. இப்படி ஒரு தவறு எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்குத்தான் வரும்.

அன்றோடு கோடு வரைபடத்தை மறந்துவிட்டது. விடியும்போது பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிச் சுருண்டு கிடக்கும். யாராவது ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை உள்ளேன் ஐயா என்று சொன்னால் போய் அந்த வீட்டை வளைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் தினக்கூலிக்காரனைப் போலத் திரும்பிவிடும். கோடை முழுவதும் ஊரில் அதே சத்தம். மாடு பத்துகிறவர்கள் பெயர் கூப்பிட்டுக்கொண்டே மாட்டை ஓட்டினார்கள், மாவு அரைக்க வந்தவர்கள் வரிசையில் நின்று கூப்பிட்டார்கள். மேலத்தெரு ஐம்பது பெயரைக் கூப்பிட்டால் புதுமனை ஐம்பத்தொன்றைக் கூப்பிட்டது. பெரியவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். கோடு நின்று கேட்டது, வயதைப் பார்த்தது, போய்விட்டது. கோடு நூல்போல மெலிந்தாலும் அறுந்ததில்லை. ஒரு நாள் இரண்டு தெருவும் போட்டி போட்டுக் கூப்பிட்டதில் அது ஊரையே சுற்றி வந்து, தன் வாலைத் தானே பார்த்து வெட்கப்பட்டு நின்றது.

அந்த நாட்களில்தான் சங்கிலிபூதம் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அவர் பேரன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன். பெயர் கூப்பிட்டால் வாயில் வருவது ‘பிரசன்ட் மேம்.’ கோட்டுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேலத்தெரு முழுவதும் உள்ளே, நடுவில் உரக்கடைக்காரர் வீடு மட்டும் குளத்து நடுவில் மண்திட்டு மாதிரி வெளியே.

“சிரிக்காதேயும் வே” என்றார்.

“நான் எங்க சிரிச்சேன்?”

“வயிறு குலுங்குதே.”

“அது பசி. சொல்லும், நோட்டீஸ் அடிக்கணுமா?”

“உம்ம நோட்டீஸ நீரே வச்சிக்கிடும். அந்த ஆவுடை மக இருக்காள்லா, டீச்சர் வெளையாட்டுக்காரி. அவகிட்ட இந்த மூதியக் கொஞ்சம் ஒக்கார வச்சா...”

தங்கபுஷ்பம் ஒப்புக்கொண்டாள். மூன்று பகல் பூவரச மரத்தடியில் பாடம் நடந்தது. சங்கிலிபூதம் கொஞ்சம் தள்ளி, வேறு வேலையாக வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார். “பிரசன்ட் இல்லல, உள்ளேன். வாயத் தொறந்து சொல்லு. ள-வ மடக்கிச் சொல்லு. என்னது, உள்லேனா? கோடு உன்ன உரமூட்டைன்னு நெனச்சிரும்” என்று அவள் சொல்ல, பையன் நாக்கை மடக்கி மடக்கி, மூன்றாம் பகலில் கணீரென்று சொன்னான். கோடு ஓடிப்போய் உரக்கடை வீட்டை அணைத்துக்கொண்டதைப் பார்த்த சங்கிலிபூதம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகும்போது, “இந்தப் பிள்ள எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவா?” என்று கேட்டார்.

“உம்ம கணக்குப்படி பீடித்தட்டுக்கு” என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இந்தக் கூத்து மேலிடம்வரை போய், கல்வி அதிகாரி மறுபடி வந்தார். அவர் கோட்டைப் பார்த்தார், கோடு அவரைப் பார்த்தது. இரண்டுக்கும் வேலை கெட்டிருந்தது. அவர் ஓர் உத்தரவு போட்டார்: பள்ளி திறக்கும் நாளில், ஊர் மக்கள் முன்னிலையில், தலைமை ஆசிரியர் வாசிக்கும் பெயர்களுக்குக் கோடு எங்கே போய் நிற்கிறதோ அதுவே நிரந்தர எல்லை, நின்ற இடத்தில் அன்றே சிமெண்டுக் கல் நடப்படும். உத்தரவோடு ஒரு பட்டியலும் வந்தது. பட்டியலில் மேலத்தெருவும் சந்தையும் இருந்தன. புதுமனையிலிருந்து ஒரு பெயர் இல்லை.

உத்தரவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். துண்டறிக்கை எழுதுகிறவனுக்கு வார்த்தைதான் ஆயுதம். நேராக ஞானதுரை சாரிடம் போனேன். “சார், ‘வாசிக்கும் பெயர்கள்’னுதான் போட்டுருக்கு. ‘பட்டியலில் உள்ள பெயர்கள்’னு போடல. நீங்க யாரு பேர வாசிச்சாலும் செல்லும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஒரு மரத்தில் இரண்டு குருவி சண்டை போட்டாலும் தன்மேல் புகார் போகும் என்று நினைக்கிறவர். “அண்ணாச்சி, இது எனக்குக் கடைசி வருஷம். கையெழுத்துப் போட்டு மரியாதையா வீட்டுக்குப் போயிருதேன். என்னய விட்டுருங்க.”

“அந்தப் பிள்ளையும் வீட்டுக்குத்தான் போகும் சார். மரியாதையாத்தான்னு சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளி திறந்த அன்று பொத்தை அடிவாரத்தில் கொடைக்குக் கூடுகிற கூட்டம். ஆரஞ்சு மிட்டாய்க்காரர் வந்திருந்தார், பலூன்காரர் வந்திருந்தார், சிமெண்டுக் கல் ஏற்றிய டிராக்டரும் வந்து உறுமிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடச் சுவரோரம் கோடு சுருண்டு படுத்திருந்தது, குளித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மேலத்தெரு ஒரு பக்கம், புதுமனை ஒரு பக்கம். ஆவுடை மகளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டு, சீருடையும் தைத்துப் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, “அண்ணாச்சி, ஆரம்பிங்க, முழக்கத்த ஆரம்பிங்க” என்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு முன்னால் நின்றதில்லை. தொண்டையில் முழக்கங்கள் வரிசை கட்டி நின்றன. ஆனால் நாங்கள் கத்தினால் பிள்ளைகள் பதில் சொல்வது கோட்டுக்குக் கேட்காது. கூட்டம் கலைந்தால் வாசிப்பும் நின்றுபோகும். “யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றேன். நான் அப்படிச் சொன்னதில் பயந்துபோய் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் செய்த போராட்டங்களிலேயே கஷ்டமானது அதுதான்.

ஞானதுரை சார் மேடையில் ஏறி, பட்டியலைப் பிரித்து வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து உள்ளேன் ஐயா என்றது, ஒவ்வொரு பதிலுக்கும் கோடு மேட்டிலிருந்து கீழே இறங்கி ஒரு வீட்டை வளைத்தது. வாசிக்க வாசிக்க மேலத்தெரு உள்ளே வந்தது, சந்தை உள்ளே வந்தது, உரக்கடைப் பேரன் பிழையில்லாமல் சொல்லி உரக்கடையும் உள்ளே வந்தது. மேட்டிலிருந்து பார்க்கிற எங்களுக்கு ஊரின்மேல் யாரோ மாலை போடுவதுபோல இருந்தது. கடைசிப் பெயருக்குக் கோடு எங்கள் தெருவின் வாய்வரை வந்து நின்றது. நின்று காத்திருந்தது.

ஞானதுரை சார் காகிதத்தை மடித்தார்.

“அவ்வளவுதான சார்?” என்றார் அதிகாரி. டிராக்டர்க்காரர் கியரைப் போட்டார்.

ஞானதுரை சார் மடித்த காகிதத்தைப் பையில் வைக்கவில்லை. அப்போது மேலத்தெருப் பக்கமிருந்து ஒரு குரல்.

“சார், ஒரு பேரு பாக்கி இருக்கு.”

சங்கிலிபூதம். அவர் தெருக்காரர்களே அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், “என்ன மாமா, எடம் இல்லன்னு நீங்கதான சொன்னிய?” என்றார்.

“இப்பவும் இல்லதான். ரூமு கேப்போம். கேக்கதுக்குன்னே ஒருத்தன் ஊருல இருக்காம்லா, அவன்கூட நானும் வந்து கேக்கேன். இப்ப வாசிக்கச் சொல்லு.”

“லிஸ்ட்ல இருக்கிறதை எல்லாம் வாசிச்சாச்சே” என்றார் அதிகாரி.

ஞானதுரை சார் இப்போது திரும்பினார். “மேடம், உங்க உத்தரவுல நான் வாசிக்கிற பேருன்னுதான இருக்கு?” அதிகாரி உத்தரவை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கீழே, தெருவாயில் காத்துக்கிடந்த கோட்டைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க உத்தரவாலேயே விசிறிக்கொண்டார். “அப்படித்தான் இருக்கு சார். என் கையெழுத்துத்தான்.”

ஞானதுரை சார் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்து, ஆவுடையைப் பார்த்தார். “பேரு தெரியும். இனிஷியல் என்னம்மா? அப்பா பேரு?”

ஆவுடை வாயைத் திறந்தாள், மூடினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நாக்கு நுனியில் ஊரே தொங்கிக்கொண்டிருக்க, “அவிய பேரு... மலை மேல இருக்காருல்லா, மயிலு வச்சிக்கிட்டு...” என்று அவள் திணற, “முருகனா? வேலாயுதமா? ஆறுமுகமா?” என்று இரண்டு தெருவும் சேர்ந்து ஊகிக்க, அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்ட, தங்கபுஷ்பம் அப்பா பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். ஆவுடை மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“சார், எம்பேரப் போடக் கூடாதா?”

“தாராளமாப் போடலாம்மா. சட்டம் இருக்கு.”

“அப்ப எம்பேரயே போடுங்க. கோடு வரைக்கும் கூட்டியாந்தது நாந்தான?”

ஞானதுரை சார் எழுதினார். மை காய ஊதினார். பதிவேட்டை இரண்டு கையிலும் உயர்த்திப் பிடித்தார். மேலத்தெருவும் புதுமனையும், அதிகாரியும் டிராக்டர்க்காரரும், மிட்டாய்க்காரரும் பலூன்காரரும், தெருவாயில் தலையைத் தூக்கிக் காத்துக்கிடந்த கோடும் சாட்சியாக, ஊர்க்கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்:

“ஆ. தங்கபுஷ்பம்!”